சாப்பாட்டு மேசைக்கு ஒரு சில்வானர்: யூலியஸ்ஷ்பிட்டாலின் அன்றாட வெள்ளை ஒயின்

ஜெர்மனியின் வெள்ளை ஒயின் என்றதும் பலருக்கும் ரீஸ்லிங்தான் நினைவுக்கு வரும். ஆனால், அன்றாட உணவோடு அருந்த ஒரு புட்டியைச் சொல்லுங்கள் என்று கேட்டால், ஃபிராங்கன் வட்டாரத்தில் சில்வானர் என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து செய்யும் ஒயினைத்தான் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதிலும் வியூர்ட்ஸ்பர்க் நகரின் யூலியஸ்ஷ்பிட்டால் தயாரிக்கும் 'ட்ரோக்கன்' வகைச் சில்வானர், அதாவது இனிப்பு மிகக் குறைந்த ஒயின், விலைக்கு மிஞ்சிய தரம் உடையது. 1576-இல் ஆயர் யூலியஸ் எக்டர் நிறுவிய மருத்துவமனை அறக்கட்டளைக்குச் சொந்தமான தோட்டம் இது. திராட்சையில் கிடைக்கும் வருமானம் இன்றும் அறப்பணிகளுக்குச் செல்கிறது.

ஜெர்மானியச் சட்டப்படி, புளிப்பு போதிய அளவு இருந்தால், ட்ரோக்கன் ஒயினில் லிட்டருக்கு 9 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். ஃபிராங்கன்காரர்களோ 4 கிராமைத் தாண்டாமல் இருப்பதையே தங்கள் மரபாகக் கொண்டவர்கள். அந்தக் கண்டிப்பு முதல் மிடறிலேயே தெரிகிறது. பேரிக்காய், பச்சை ஆப்பிள், காய்ந்த புல் ஆகியவற்றின் மணம் மெல்ல எழுகிறது. நாவில் மிதமான புளிப்பும், சுண்ணாம்பு மண்ணை நினைவூட்டும் ஒரு வறட்சியும் தங்குகின்றன. மணத்தாலேயே மயக்கும் ஒயினைத் தேடுபவர்களுக்கு இது சற்று அடக்கமாகத் தோன்றலாம். அந்த அடக்கம்தான் உணவுக்கு இடம்விடுகிறது என்பது என் கருத்து.

பரிமாறும்போது வெப்பநிலையில் கவனம் தேவை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றினால், கோப்பையின் வெளிப்புறம் பனித்துப்போவதைத் தவிர வேறெதுவும் நிகழாது. மணம் முழுவதும் உறைந்து கிடக்கும். கால் மணி நேரம் மேசைமேல் வைத்திருந்து, 9 அல்லது 10 டிகிரியை எட்டிய பிறகு, நடுத்தர அகலமுள்ள கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு ஊற்றினால் பேரிக்காய் மணம் தானாக வெளிப்படும். இதன் தட்டையான 'போக்ஸ்பாய்டல்' புட்டி குளிர்பெட்டிக் கதவின் தட்டில் சரியாக அமராது. படுக்கவைத்தால் உருளாமல் கிடக்கும்.

இதற்கு மிகப் பொருத்தமான துணை வெள்ளை அஸ்பாரகஸ் என்னும் தண்டுக் காய்கறிதான். அந்தத் தண்டின் மெல்லிய கசப்பு, ஓக் பீப்பாயில் ஊறிய ஒயினோடும் புளிப்பு மிகுந்த ஒயினோடும் மோதிக்கொள்ளும். சில்வானரோ அதை அணைத்துச் செல்கிறது. வேகவைத்த தண்டின்மேல் உருக்கிய வெண்ணெய், பக்கத்தில் அவித்த உருளைக்கிழங்கு, சில துண்டு ஹாம் என்பதே ஜூன் 24-ஆம் நாளோடு முடியும் அஸ்பாரகஸ் பருவத்தின் உணவு. மற்ற மாதங்களில், முழுதாகப் பொரித்து உண்ணும் மெயின் ஆற்றின் சிறு மீன்கள், ஃபிராங்கன் பிராட்வுர்ஸ்ட் தொத்திறைச்சி, வெண்ணெயில் வாட்டிய ட்ரௌட் மீன் ஆகியவற்றோடும் இது இணங்கிப்போகும். வினிகரும் வெங்காயமும் சேர்த்து வேகவைக்கும் 'பிளாவ ட்சிப்ஃபெல்' தொத்திறைச்சிக்கும் அவ்வூரார் இதையே ஊற்றுகிறார்கள். சுட்ட மாட்டிறைச்சியின் அழுத்தமான சுவைக்கு முன் மட்டும் இது நிற்காது.

திறந்த புட்டியை மூடிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நெடுங்காலம் சேமித்து வைக்க வேண்டிய ஒயின் இதுவன்று. கடையில் கிடைப்பவற்றில் மிக அண்மைய அறுவடை ஆண்டைப் பார்த்து வாங்குவதே நல்லது.