காற்றறைக்கு எந்த மூடி? டர்பன் ஸ்கீ-போட்டுக்கான தள மூடிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஸ்கீ-போட் என்ற சிறிய மீன்பிடி மோட்டார் படகு கரையலையைக் கிழித்துக்கொண்டுதான் கடலுக்குப் போகிறது. பெரிய அலை ஒன்று மேலே உடைந்தால் தளம் முழுக்கத் தண்ணீர். தளத்துக்குக் கீழே இருப்பதோ படகை மிதக்க வைக்கும் காற்றறை. இந்தக் கண்ணோடு பார்த்தால், ‘வாட்டர்டைட்’ (தண்ணீர் புகாதது) என்று கடையில் விற்கும் பல மூடிகளுக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

கொக்கி வைத்த சதுர மூடி புழங்க வசதி. லைஃப் ஜாக்கெட், நங்கூரக் கயிறு எல்லாம் எளிதாக எடுக்கலாம். ஆனால் கீல் பக்கமும் கொக்கிப் பக்கமும் ரப்பரை ஒரே அளவில் அமுக்குவதில்லை. சாரலைத் தாங்கும், மூழ்கினால் தாங்காது. தண்ணீர் தானாக வடியும் பெட்டிக்கு மட்டும் இதைப் போடுங்கள்.

காற்றறைக்கு எங்கள் தேர்வு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உள்ள வட்டத் திருகு மூடி. 4 அங்குலம் எட்டிப் பார்க்கத்தான் உதவும். கையை விட்டு நட்டைப் பிடிக்க 6 வேண்டும். உள்ளே பம்பு இருந்தால் 8 வாங்கிவிடுங்கள். பெட்டியில் எழுதியதை நம்பாமல் உள்விட்டத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் இந்த வெயிலில் மஞ்சளாகி வெடிக்கும், ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக் என்றால் கூடுதல் காலம் நிற்கும்.

எவ்வளவு நல்ல மூடி வாங்கினாலும், ஒழுகல் அதிகம் வருவது அதைத் தாங்கும் சட்டத்தின் வழியாகத்தான். வளைந்த தளத்தில் சட்டத்தை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினால் வட்டம் முட்டை வடிவமாகிவிடும். பிறகு மூடி ஒரு பக்கம் கடிக்கும், மறுபக்கம் தொங்கும். முதலில் அந்த இடத்தை எப்பாக்ஸி பிசின் வைத்துச் சமதளமாக்குங்கள். தளத்துக்குள் ப்ளைவுட்டோ பால்சா என்ற லேசான மரமோ இருந்தால், வெட்டிய விளிம்பிலிருந்து 10 மி.மீ. சுரண்டி எடுத்து, கெட்டியான எப்பாக்ஸியால் அடைக்க வேண்டும். இதை விட்டால் தளம் உள்ளுக்குள்ளேயே ஊறி அழுகும்.

ஸ்க்ரூ 316 ஸ்டெயின்லெஸ் (உப்புத் தண்ணீரைத் தாங்கும் எஃகு), தலைக்கு அடிப்பக்கம் தட்டையாக இருப்பது. கூம்புத்தலை ஆப்பு மாதிரி இறங்கிப் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். சட்டத்துக்கு அடியில் இடைவெளியை அடைக்கப் பாலிசல்ஃபைடு சீலன்ட் வேண்டாம், அது ஏ.பி.எஸ்.ஸை அரிக்கும்; பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) போதும், பின்னால் கழற்றவும் சுலபம்.

மாட்டியதும் சட்டத்தின் விளிம்பில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, மூடியைத் திருகித் திறந்து பாருங்கள். ஓ-ரிங்கில் வெள்ளைக் கோடு அறுபடாமல் ஒரு முழுச் சுற்று வரவேண்டும். விரலளவு இடைவெளி விழுந்திருந்தால் அந்த இடத்தில்தான் தண்ணீர் நுழையும்.

நல்ல மூடியும் தண்ணீர் குடிக்கும் சமயம் ஒன்று உண்டு. வெயிலில் நின்ற படகின் காற்றறையில் காற்று சூடேறி விரிந்திருக்கும். கடலில் இறங்கிக் குளிர்ந்ததும் அது சுருங்கி, ஓ-ரிங் ஓரத்தில் தேங்கிய தண்ணீரை உள்ளே இழுக்கும். இறக்குமுன் மூடியைத் திறந்து வெப்பத்தை வெளியே விட்டு, கடைசியாக மூடுங்கள். மூடும்போது ஓ-ரிங் பள்ளத்தை விரலால் தடவிப் பாருங்கள்: ஒரு மணல் மணி கிடந்தாலும் கழுவிவிட்டு, சிலிக்கோன் கிரீஸ் லேசாகப் பூசிய பிறகே திருகுங்கள்.