வின்ச் ரிமோட்: இரண்டு காலபோகம் பாவித்த பிறகு

புதுக்குடியிருப்பிலிருந்து மச்சான் போன் எடுத்தான். "அந்த வின்ச் ரிமோட் விலை இறங்கியிருக்காம், வாங்கட்டோ?" அவன் கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்று காலைதான் ட்ராக்டருக்குப் புதுப் பற்றரி போட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்தச் செலவுக்குக் காரணமே அந்த ரிமோட்தான்.

என்னிடம் இருப்பது நாலு சில்லு மோட்டார் சைக்கிளுக்கென்று செய்த 3000 இறாத்தல் வின்ச், இரும்புக் கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் மோட்டார். அதைப் பழைய மெசி 240 ட்ராக்டரின் முன் பம்பரில் பூட்டி வைத்திருக்கிறேன். முத்தையன்கட்டுப் பக்கம் மாரியில் வயல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை. புதைந்த லான்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு ட்ராக்டரை) எடுக்க ட்ராக்டரையும் சேற்றுக்குள் இறக்கினால், பிறகு இரண்டையும் எடுக்க மூன்றாவது ஒன்றைத் தேடி அலையவேண்டும். கிறவல் ரோட்டில் நின்றபடி இழுப்பதுதான் புத்தி. பெட்டியில் போட்டிருக்கும் 3000 இறாத்தலை அப்படியே நம்பவேண்டாம். உருளையின் அடிச் சுற்றில் மட்டும்தான் அந்த இழுவை. கயிறு மேலே மேலே சுற்றச் சுற்ற அது குறையும். பாரமான வேலைக்கு நான் கப்பி போட்டு இரட்டைக் கயிறாகத்தான் இழுப்பது.

வின்ச்சோடு வந்த வயர் சுவிச்சுக்கு நீளம் மூன்று மீற்றர்தான். அதைப் பிடித்துக்கொண்டு மகன் ட்ராக்டர் பக்கத்தில் நிற்பான். நான் முழங்கால் சேற்றில். எஞ்சின் சத்தத்தில் நான் "விடு" என்றால் அவனுக்கு "இழு" என்று கேட்கும். எத்தனை பின்னேரம் வயலிலிருந்து முகம் கொடுத்துப் பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கிறோம்! ரிமோட் வந்த பிறகு அந்தச் சண்டை நின்றது. புதைந்த மெசினின் சில்லு எந்தப் பக்கம் திரும்புகிறது, கயிறு வரம்பில் உரசுகிறதா என்று கிட்ட நின்று பார்த்து நானே அழுத்துகிறேன். கயிற்றின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கத் தேவையில்லை. இரும்புக் கயிறு அறுந்தால் எப்படி வீசும் என்று பார்த்தவன் நான், இப்போதும் அதன் மேல் ஒரு நனைந்த சாக்கைப் போடாமல் இழுப்பதில்லை. இந்த ஒன்றுக்காகவே ரிமோட்டுக்குக் கொடுத்த காசு தகும்.

பூட்டுவது அரை மணி நேர வேலை. ரிமோட் சொல்வதைக் கேட்கும் பெட்டிதான் ரிசீவர், அது ட்ராக்டரில் இருக்கும். என்னுடையதில் நாலு மெல்லிய வயர்: கறுப்பு ஏர்த், சிவப்பு மின்சாரம், மற்ற இரண்டும் வின்ச் ரிலேயின் (மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிச்சின்) சின்ன முனைகளுக்கு. அந்த இரண்டின் நிறத்தைப் பார்த்து மண்டையை உடைக்கவேண்டாம். இழு என்றால் விடுகிறதா? இரண்டையும் மாற்றிக் குத்துங்கள், சரி.

சிவப்பு வயர்தான் என் குடியைக் கெடுத்தது. வயரிங் செய்த அண்ணை அதை நேரே பற்றரி முனையில் முறுக்கிவிட்டுப் போனார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ரிசீவர் இரவு பகலாக விழித்திருந்து, பொத்தான் எப்போது அமத்துவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். பிறகு மீற்றர் வைத்துப் பார்த்தபோது 20 மில்லி ஆம்பியர். ஒன்றுமில்லைப் போலத்தான் தெரியும். ஆனால் நாளுக்கு அரை ஆம்பியர்-மணி அது. சிறுபோகம் செய்யாமல் ட்ராக்டர் இரண்டு மாதம் கொட்டிலில் நின்றால் 30 ஆம்பியர்-மணி போய்விடும். பழைய பற்றரி அதைத் தாங்குமா? வெறுமையாகிக் கிடந்து கிடந்து அது செத்தே போனது. அதற்கு முதலே அறிகுறி காட்டியதுதான்: பாரம் ஏறும்போது பற்றரி இறங்க, ரிலே டக் டக்கென்று அடித்து ரிசீவர் அணைந்துவிடும். நான் ரிமோட்டின் குட்டி பற்றரியை மாற்றிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு நாள் ரிமோட்டைச் சாரத்து மடியில் செருகிக்கொண்டு வாய்க்காலில் கால் கழுவக் குனிந்தேன். பின்னால் வின்ச் தானே ஓடத் தொடங்கியது. ரிமோட்டை மடியிலிருந்து இழுத்தெடுத்துப் பொத்தானை விடுவிக்குமுன் கொழுக்கி பம்பரில் போய் இடித்து அதை வளைத்துவிட்டது. கயிற்றுக்குக் கிட்ட யாராவது நின்றிருந்தால்?

இப்போது சிவப்பு வயருக்கு நடுவில் ஒரு ஃபியூசும் தனியான ஒரு சுவிச்சும். இழுக்கும் நேரம் மட்டும் போடுவேன், முடிந்ததும் அணைப்பேன். சிவப்பு வயரை எஞ்சின் திறப்புச் சுவிச்சில் கொடுத்தாலும் பற்றரி தப்பும். ஆனால் எஞ்சின் ஓடும்போது மடியில் பொத்தான் அமத்துப்பட்டால் வின்ச் ஓடத்தான் செய்யும். சில நூறு ரூபாய்ச் சுவிச். முதல் நாளே போட்டிருக்கலாம். ரிமோட்டோடு வந்த கடதாசியில் சிவப்பை எங்கே கொடுப்பது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம் அந்தக் கம்பனிக்காரர். இன்னொன்று: தூரத்தில் நிற்பதால் மோட்டார் முனகுவது காதில் விழாது. ஒரு நிமிடம் இழுத்தால் ஆறவிடவேண்டும் என்பதே மறந்துவிடும். நான் ஒருமுறை மறந்து, கை வைக்க முடியாத சூடு.

மச்சானிடம் "வாங்காதே" என்றுதான் சொன்னேன். கோபத்தில்தான். "அப்ப உன்ரதைக் கழட்டித் தா" என்றான்.

தரமாட்டேன் என்றேன்.