மலை ஏற ஒன்று, இறங்க ஒன்று: மழைக்காலத்தில் பின் சக்கர வண்டியும் முன் சக்கர வண்டியும்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டி ஓடுகிறது. ஒன்று 2014 மாடல் டீசல் ஏழு சீட்டர், பின் சக்கரம் தள்ளும் வண்டி. இன்னொன்று 2018 மாடல் சின்ன பெட்ரோல் கார், முன் சக்கரம் இழுக்கும் வண்டி. தோட்டம் உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில். மச்சான் குடும்பம் வால்பாறையில் இருப்பதால், ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனியிலும் இரண்டு வண்டியையும் மாறி மாறி மலைக்கு எடுத்துப் போவது வழக்கமாகிவிட்டது. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை. எஞ்சினின் விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறதோ, அதை வைத்து ஈர ரோட்டில் என்ன மாறுகிறது என்பதுதான் விஷயம்.

"மலைக்கென்றால் பின் சக்கர வண்டிதான்" என்பது எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் எல்லாரும் சொல்லும் பேச்சு. அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் ஓட்டிப் பழகிய அம்பாசிடர், பிரீமியர் பத்மினி இரண்டும் பின் சக்கர வண்டிகள். 1983இல் மாருதி 800 வந்த பிறகுதான் முன் சக்கர வண்டி இங்கே பரவலானது. அதன் பிறகும் மலைக்குச் சவாரி போன ஆம்னி, குவாலிஸ், பழைய இன்னோவா எல்லாம் பின் சக்கரம்தான். 2022இல் இன்னோவா ஹைகிராஸ் முன் சக்கரத்துக்கு மாறியபோது, இது ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுமா என்று பலர் சந்தேகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

ஏற்றத்தைப் பொறுத்தவரை பெரியவர்கள் சொல்வது சரி. வண்டி மேட்டைப் பார்த்து நிற்கும்போது எடை பின்பக்கம் சாய்கிறது. ஏழு பேரும் மூட்டை முடிச்சும் ஏறினால் இன்னும் சாய்கிறது. தள்ளுகிற சக்கரம் பின்னால் இருந்தால் அந்த எடை முழுவதும் பிடிமானமாக மாறிவிடும். முன் சக்கர வண்டியில் நேர்மாறு. இழுக்க வேண்டிய சக்கரத்தின் மேல்தான் எடை குறைகிறது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. அதில் இடது பக்கம் திரும்பும் வளைவுகளில் உள்பக்கம் ரொம்பச் செங்குத்து. ஐந்து பேரோடு சின்ன காரில் போகும்போது, மழையில் அந்த இடத்தில் நிறுத்தி எடுத்தால் உள்பக்க முன் சக்கரம் கிர்ரென்று சும்மா சுற்றும். டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு விசையைத்தான் பிரித்துக் கொடுக்கும். ஒன்றுக்குப் பிடி இல்லையென்றால் மற்றதற்கும் அந்தச் சொற்ப விசைதான் கிடைக்கும். அந்த நேரத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துப் பயனில்லை. ஸ்டியரிங்கை முடிந்த அளவு நேராக்கி, முதல் கியரில் ஹாஃப் கிளட்சில் மெதுவாக எடுத்தால் ஏறிவிடும். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர்கள் அதை மதித்து வளைவுக்கு மேலேயே நின்றுவிட்டால் இந்தச் சிரமமே வராது.

ஆனால் ஏறிய வண்டி இறங்கியாக வேண்டுமே. இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

இறக்கத்தில் எடை முன்னால் வந்துவிடும், பின்பக்கம் லேசாகிவிடும். நாமோ பிரேக்கைக் காப்பாற்ற இரண்டாவது கியரில், ஆக்சிலேட்டரை விட்டு எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும்படி, எஞ்சின் பிரேக்கில் இறங்குகிறோம். அந்த எஞ்சின் பிரேக் இழுவைச் சக்கரத்தில்தான் வேலை செய்யும். முன் சக்கர வண்டியில் அது எடை உட்கார்ந்திருக்கும் சக்கரத்தில் விழுகிறது. வண்டி கயிறு பிடித்து இறக்கினாற்போல நிதானமாக வரும். பின் சக்கர வண்டியில் அது லேசான சக்கரத்தில் விழுகிறது. அதே வால்பாறை ரோட்டில் அட்டகட்டிக்குக் கீழே மஞ்சு இறங்கி ரோடு நனைந்திருக்கும்போது, மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிக் கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டியின் வால் ஒரு பக்கம் நழுவுவது உடம்பிலேயே தெரியும். ஆள் இல்லாமல் காலியாக இறங்கினால் இன்னும் அதிகம். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் எங்கள் 2014 மாடலில் கிடையாது என்பதால் அந்த நேரத்தில் பிரேக்கை அழுத்தவும் பயமாக இருக்கும். கியரை வளைவுக்கு முன்பே, நேர் ரோட்டிலேயே மாற்றிவிட வேண்டும், கிளட்சை நிதானமாக விட வேண்டும். இதை வீட்டில் ஓட்டுகிற எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

முன் சக்கர வண்டி நழுவினால் வேறு விதம். ஸ்டியரிங் திருப்பினாலும் மூக்கு நேராகப் போகும். காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்தாலே பெரும்பாலும் திரும்பிவிடும், அதுதான் நமக்கு இயல்பாக வருகிற காரியமும்கூட. வால் நழுவும் வண்டிக்கு நழுவுகிற பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். அது பழகிய கைக்குத்தான் வரும். என் மனைவியும் மகளும் மார்கழியில் மலைக்குப் போகிறார்கள் என்றால் நான் சின்ன காரின் சாவியைத்தான் கொடுப்பேன்.

அடுத்து இட்டேரி, அதாவது தோட்டத்துக்குப் போகும் வேலியோர மண் பாதை. ஐப்பசி அடைமழையில் கரிசல் மண் டயர் பட்டனில், அதாவது டயரின் மேடு பள்ளத்தில், அப்பிக்கொண்டால் சக்கரம் வழவழவென்று ஆகிவிடும். செம்மண் தண்ணீரை உறிஞ்சிவிடும், அங்கே இந்தப் பிரச்சினை குறைவு. காலி ஏழு சீட்டர் கரிசலில் வேலிப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போகும். பின்னால் இரண்டு யூரியா மூட்டை, மூட்டை 45 கிலோ, போட்டாலே வித்தியாசம் தெரியும். சின்ன காருக்கு எஞ்சினும் கியர்பாக்ஸும் இழுக்கிற சக்கரத்தின் மேலேயே இருப்பதால் காலியாகவும் நன்றாகவே இழுக்கும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி குறைவு என்பதுதான் அதன் தடை. சக்கரம் புதைந்தால் தென்னை மட்டையை அடியில் திணிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று: வழுக்குகிற சின்ன மேட்டில் முன் சக்கர வண்டி ஏறவில்லையென்றால் ரிவர்ஸில் ஏற்றிப் பாருங்கள். அப்போது எடை இழுக்கிற சக்கரத்துக்கு வந்துவிடும். தோட்டத்து வாசல் மேட்டில் எங்களுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது.

ஜெர்மனியில் இருக்கும் அக்கா மகனிடம் இதையெல்லாம் பேசினால், "இங்கே எந்தச் சக்கரம் என்பதைவிட எந்த டயர் என்றுதான் கேட்பாங்க மாமா" என்கிறான். அங்கே ரோட்டில் பனி கிடந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. நம் டயர் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப் போகும், குளிர்கால டயர் மிருதுவாகவே இருக்கும். பனி அதிகமானால் இழுவைச் சக்கரத்தில் சங்கிலி கட்டுகிறார்கள். கொங்கு நாட்டில் நமக்கு அவ்வளவு குளிர் இல்லை. ஊட்டியில் தை மாதம் உறைபனி விழுகிற விடியற்காலையைத் தவிர, நம் எதிரி தண்ணீரும் சேறும்தான். ஆனாலும் டயர் பற்றி அவன் சொல்வது நமக்கும் பொருந்தும். சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். நான் 3 மில்லிமீட்டருக்கு வந்ததுமே மழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே, மாற்றிவிடுகிறேன்.

டயர் கடையில் ஒரு வாக்குவாதம் ஒவ்வொரு முறையும் நடக்கும். முன் சக்கர வண்டியில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும், அதனால் புது ஜோடியை முன்னால் போடச் சொல்வார்கள். நான் பின்னால்தான் போடச் சொல்வேன். பின் டயர் மொட்டையாக இருந்தால் முன் சக்கர வண்டியும் மழையில் வாலை வீசும், வீசினால் மீட்பது கடினம். நான்கையும் அவ்வப்போது இடம் மாற்றி ஓட்டினால் இந்தச் சச்சரவே இருக்காது.

பராமரிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. ஏழு சீட்டருக்கு, விசையைப் பின்னால் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸும் டிஃபரன்ஷியல் ஆயிலும், சின்ன காருக்கு டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பூட்டும் பார்த்துக்கொண்டால் போதும். பூட் கிழிந்தால் சேறு உள்ளே போய் ஜாயின்ட் போய்விடும்.

ஏழு சீட்டரை விற்கும் எண்ணம் இல்லை. தேங்காய் ஏற்றவும் உறவுக்காரர்களோடு மலை ஏறவும் அது வேண்டும். வீட்டுக்கு அடுத்து வாங்கப் போவது முன் சக்கர வண்டி, அதுவும் இஎஸ்சி உள்ளதாக. நழுவ ஆரம்பித்ததும் தேவையான சக்கரத்துக்கு மட்டும் அதுவாகவே பிரேக் கொடுத்து வண்டியை நேராக்கும். பழைய வண்டி பார்க்கிறவர்கள், அது எல்லா மாடலிலும் இருக்காது என்பதால், சாவி போட்டதும் மீட்டரில் வண்டி வழுக்குகிற மாதிரி படம் போட்ட விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.