பாலிஃபியூஸ், கண்ணாடி ஃபியூஸ், இ-ஃபியூஸ்: எதை எங்கே போடுவது?

மாற்ற வேண்டியதில்லை, தானே சரியாகிவிடும் என்பதற்காகவே பாலிஃபியூஸைக் கண்ட இடத்திலெல்லாம் போடுகிறார்கள். நான் முதலில் பார்ப்பது கோளாறு எங்கிருந்து வரும் என்பதைத்தான்.

யுஎஸ்பி போர்ட் மாதிரி வெளியே திறந்திருக்கும் இடங்களுக்குப் பாலிஃபியூஸ்தான் பொருத்தம். யாராவது பழுதான கேபிளைச் செருகுவார்கள், ஷார்ட் ஆகும், பிடுங்கிவிடுவார்கள். அதற்கெல்லாம் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருக்க முடியாது. பாலிமருக்குள் கார்பன் துகள்கள் ஒன்றையொன்று தொட்டு மின்பாதை அமைத்திருக்கும். மின்னோட்டம் மிஞ்சினால் சூடேறி, 125 டிகிரி செல்சியஸ் வாக்கில் பாலிமர் உருகி விரியும், துகள்கள் விலகும், மின்தடை பல ஆயிரம் மடங்கு எகிறும். பவரை எடுத்தால்தான் ஆறும். ஆறினாலும் மின்தடை முன்பைவிடச் சற்றுக் கூடியே நிற்கும்.

டேட்டாஷீட்டில் (பாகத்தின் விவரத்தாள்) ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் யுஎஸ்பி வழியில் இருப்பது 500 மில்லிஆம்பியர் பாலிஃபியூஸ். அது தாங்கும் அளவு; ட்ரிப் ஆவது, அதாவது மின்னோட்டத்தை அடைப்பது, பொதுவாக அதன் இரு மடங்கில். அந்த இடைவெளியில் என்ன செய்யும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெட்டிக்குள் சூடு ஏறினால் தாங்கும் அளவும் இறங்கிவிடும். அதன் மின்தடையால் வோல்டேஜ் இழப்பு வேறு: ராஸ்பெரி பை என்ற சிறு கணினியின் முதல் போர்டுகளில் யுஎஸ்பிக்கு 140 மில்லிஆம்பியர் பாலிஃபியூஸ்கள் இருந்தன, தொல்லை தாங்காமல் பிறகு எடுத்துவிட்டார்கள்.

மெயின்ஸ் பக்கம், அதாவது வீட்டு மின்சாரம் உள்ளே வரும் இடத்தில், கண்ணாடி ஃபியூஸ்தான், யோசிக்கவே வேண்டாம். பெரும்பாலான பாலிஃபியூஸ்கள் 60 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ட்ரிப் ஆனபிறகும் கொஞ்சம் மின்சாரம் கசியும். கண்ணாடி ஃபியூஸில் கம்பி உருகினால் இணைப்பு சுத்தமாக அறுந்துவிடும். உள்ளே ஒரு பாகம் செத்துக் கிடக்கும்போது சர்க்யூட் மறுபடி உயிர்பெறுவதில் எந்த லாபமும் இல்லை, திறந்து பார்ப்பதே முறை.

மாஸ்ஃபெட் (சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) போன்றவற்றைக் காக்க இந்த இரண்டையும் நம்ப வேண்டாம். இரு மடங்கு மின்னோட்டத்தில் பாலிஃபியூஸ் ட்ரிப் ஆகச் சில நொடிகள்கூட ஆகலாம். அதற்குள் மாஸ்ஃபெட்டின் கதை முடிந்திருக்கும். இ-ஃபியூஸ் ஐசி மின்னோட்டத்தை அளந்து, ஷார்ட் என்றால் மைக்ரோநொடிகளில் துண்டிக்கும். விலை கூடுதல், போர்டில் இடமும் வேண்டும். வாங்கும்போது வகையைப் பாருங்கள்: சில தானே மீண்டும் முயலும், சில பவரை அணைத்துப் போடும்வரை அப்படியே நிற்கும். மோட்டார் இருக்கும் இடத்தில் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.