கிரேடில் அமைப்புகள்: எந்தக் கோப்பு ஜெயிக்கிறது?

2018-இல் எங்கள் குழு, ஜாவா நிரலைக் கம்பைல் செய்து, சோதித்து, தொகுத்துத் தரும் பில்ட் கருவியான மேவனை விட்டு, அதே வேலையைச் செய்யும் கிரேடிலுக்கு வந்தது. அப்போது கிரேடில் 4 வரிசை. இப்போது 9-இல் இருக்கிறோம். நடுவில் மாட்யூல்கள் 6-லிருந்து 40-ஐத் தாண்டிவிட்டன, ஆட்கள் மாறிவிட்டார்கள், க்ரூவியில் எழுதியிருந்த பில்ட் கோப்புகள் கோட்லினுக்கு மாறிவிட்டன. இத்தனை வருடத்தில் குழுவில் என்னிடம் அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த மதிப்பு எங்கிருந்து வருகிறது?" பில்ட் ஸ்கிரிப்ட் எழுதுவதில் யாரும் நெடுநாள் திணறியதில்லை. அமைப்புகளைக் கையாள்வதில்தான் எல்லோரும் திணறினார்கள், நான் உட்பட.

ஒரு புராப்பர்ட்டியின், அதாவது பெயரிட்ட ஓர் அமைப்பின், மதிப்பைக் கிரேடில் முக்கியமாக ஐந்து இடங்களில் பார்க்கும். கட்டளை வரியில் பெரிய 'பி' போட்டுக் கொடுத்தது எல்லாவற்றையும் வெல்லும். அடுத்து, பெரிய 'டி' போட்டுக் கொடுக்கும் ஜாவா சிஸ்டம் புராப்பர்ட்டி. அதற்கும் அடுத்து சூழல் மாறி. அப்புறம் பயனரின் ஹோம் கோப்புறையில், டாட் கிரேடிலுக்குள் இருக்கும் புராப்பர்ட்டீஸ் கோப்பு. கடைசியாகத்தான் புராஜெக்டின் வேர்க் கோப்புறையில் இருக்கும் அதே பெயர் கொண்ட கோப்பு. இனி இந்த இரண்டையும் ஹோம் கோப்பு, புராஜெக்ட் கோப்பு என்றே சொல்கிறேன்.

இந்த வரிசையில் கடைசி இரண்டைக் கவனியுங்கள். ஹோம் கோப்பு புராஜெக்ட் கோப்பை வெல்கிறது. நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியில் பழகியவர்களுக்கு இது நேர்மாறாக இருக்கும். அங்கே ரெப்போவுக்குள் (புராஜெக்டின் நிரல் களஞ்சியம்) இருக்கும் அமைப்புதான் பயனரின் பொது அமைப்பை வெல்லும். ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களை நிர்வகிக்கும் என்பிஎம்மிலும் அப்படித்தான். அதனால் புதிதாகக் கிரேடிலுக்கு வருகிறவர் "ரெப்போவில் எழுதியிருக்கிறதே, அதுதான் நடக்கும்" என்று நம்பிவிடுகிறார். ஆவணத்தில் இந்த வரிசை தெளிவாகவே இருக்கிறது. ஆனால் பழக்கத்தில் ஊறிய ஒன்றைச் சரிபார்க்க யாரும் ஆவணத்தைத் திறப்பதில்லை.

நானும் திறக்கவில்லை. மூன்றாவது வருடம் ஒரு நூலகத்தின் புதிய பதிப்பைச் சோதிக்க, அதன் பதிப்பு எண்ணை என் ஹோம் கோப்பில் ஒரு வரியாக எழுதினேன். சோதனை முடிந்தது, வேறு வேலைக்குப் போய்விட்டேன், வரி அங்கேயே இருந்துவிட்டது. பல வாரம் கழித்து என் கணினியில் பச்சையாக ஓடும் டெஸ்டுகள், மாற்றங்களைத் தானாகவே பில்ட் செய்து சோதிக்கும் சிஐ சர்வரில் மட்டும் சிவப்பாகின. புராஜெக்ட் கோப்பைப் பார்த்தால் இரண்டு இடத்திலும் ஒரே எண். கேஷை அழித்தேன், ரெப்போவைப் புதிதாக குளோன் செய்தேன், ஒன்றும் மாறவில்லை. மாறாது, ஏனென்றால் ஹோம் கோப்பு குளோனுக்கு வெளியே இருக்கிறது. இரண்டு நாள் கழித்து டிபென்டென்சி மரத்தை (எந்த நூலகத்தின் எந்தப் பதிப்பு என்ற பட்டியல்) இரண்டு பக்கமும் அச்சிட்டு ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. அந்த இரண்டு நாள் என்னோடு இன்னொருவரும் உட்கார்ந்து தேடினார். அவருடைய நேரத்தையும் சேர்த்து வீணாக்கினோம் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது.

அதற்குப் பிறகு குழுவில் ஒரு விதி வைத்தோம். ஹோம் கோப்பில் கணினியைப் பற்றிய விஷயங்கள் மட்டும்: நினைவக அளவு, எத்தனை வொர்க்கர், பிராக்ஸி முகவரி, கடவுச்சொல் போன்ற ரகசியங்கள். பில்டிலிருந்து வெளியே வரும் ஜார் கோப்பை மாற்றக்கூடிய எதுவும் அங்கே இருக்கக் கூடாது. இந்த ஒரு கோட்டைப் போட்ட பிறகு, ஹோம் கோப்பு ஜெயிப்பது நியாயமாகவே தோன்ற ஆரம்பித்தது. என் கணினியில் 16 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது என்றால், ரெப்போவில் யாரோ 8 ஜிபி என்று எழுதியதை நான் மீறத்தான் வேண்டும். கிரேடிலின் வரிசை அதற்காக அமைந்தது என்றே நினைக்கிறேன். பதிப்பு எண்களை அதே வழியில் அனுப்பியது எங்கள் தவறு.

விதி வைத்தால் மட்டும் போதாது, தவறு செய்யவே முடியாதபடி இருந்தால் நல்லது. அதற்கு வெர்ஷன் கேட்டலாக், அதாவது பதிப்புகளின் பட்டியல், உதவியது. கிரேடில் 7.0-இல் சோதனை நிலையில் வந்து, 2022-இல் 7.4-இல் நிலைபெற்ற வசதி இது. பதிப்பு எண்கள், நூலகங்கள், சேர்த்து எடுக்கும் தொகுப்புகள், பிளகின்கள் எல்லாம் ஒரு டாமல் கோப்பில், ரெப்போவுக்குள்ளேயே இருக்கும். ஹோம் கோப்பில் எதை எழுதினாலும் இதை அது தொடாது. எங்கள் புராஜெக்ட் கோப்பில் நீளமாக வளர்ந்திருந்த பதிப்பு வரிகளையெல்லாம் அங்கே கொண்டுபோனோம். பெயரைத் தட்டச்சு செய்யும்போதே எடிட்டர் நிரப்பிக் கொடுப்பதும் எழுத்துப் பிழை உடனே தெரிவதும் கூடுதல் லாபம். இன்று யாராவது கிரேடிலில் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

ஜாவா பதிப்பும் அப்படித்தான். கிரேடில் 6.7-இல் வந்த டூல்செயின் வசதியால், எந்த ஜாவாவில் கம்பைல் செய்ய வேண்டும் என்பது பில்ட் ஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. யாருடைய கணினியில் ஜாவா ஹோம் என்ற சூழல் மாறி எந்த ஜாவாவைக் காட்டுகிறது என்ற கவலை பெரும்பாலும் போய்விட்டது.

சரி, நினைவக அமைப்புக்கு வருகிறேன். அதிகக் குழப்பம் இங்கேதான். டீமன் என்பது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் கிரேடில், அது ஜேவிஎம் என்ற ஜாவா இயக்கியில் ஓடுகிறது. ஜேவிஎம் ஆர்க்ஸ் என்ற வரியில் டீமனுக்கான நினைவகத்தையும் பிற கொடிகளையும் (கூடுதல் விருப்பங்கள்) தருகிறோம். எதுவும் தராவிட்டால் ஹீப், அதாவது நிரல் எடுத்துக்கொள்ளும் நினைவகத்தின், உச்சவரம்பு 512 எம்பி. 40 மாட்யூலுக்கு அது போதாது, அதனால் எல்லோரும் இந்த வரியைத் தொடுகிறார்கள். கவனிக்க வேண்டியது, இந்த வரி முழுதாக மாற்றப்படும், ஒன்றோடு ஒன்று கலக்காது. எங்கள் புராஜெக்ட் கோப்பில் 4 ஜிபி என்பதோடு யூடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்துக்கான கொடியும் இருந்தது. ஒருவர் தன் ஹோம் கோப்பில் 6 ஜிபி என்று மட்டும் எழுதினார். 4 ஜிபி 6 ஆனது, கூடவே யூடிஎஃப்-8 கொடியும் காணாமல் போனது. அவர் விண்டோஸில் வேலை செய்தார், ஜாவா 11. ஆங்கிலம் அல்லாத எழுத்துகள் இருந்த டெஸ்டுகள் அவருக்கு மட்டும் உடைந்தன. ஜாவா 18-இலிருந்து யூடிஎஃப்-8 இயல்பாகவே வந்துவிடுவதால் இதே சிக்கல் இப்போது வராது. ஆனால் வேறு கொடி காணாமல் போக இன்றும் வாய்ப்பு உண்டு. ஹோம் கோப்பில் இந்த வரியை எழுதுகிறவர், புராஜெக்ட் கோப்பில் உள்ள முழு வரியையும் நகலெடுத்து, எண்ணை மட்டும் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. டெஸ்டுகள் நினைவகம் இல்லாமல் விழும்போது இந்த வரியில் எண்ணை ஏற்றுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் பயனில்லை. டெஸ்டுகள் தனி ஜேவிஎம்மில் ஓடுகின்றன, அவற்றுக்குத் தனி உச்சவரம்பு உண்டு, அதுவும் இயல்பாக 512 எம்பி. அதை டெஸ்ட் டாஸ்கில் (பில்டின் ஒவ்வொரு வேலையும் ஒரு டாஸ்க்) மாற்ற வேண்டும். டீமனுக்கு 8 ஜிபி கொடுத்தால் டெஸ்டுக்கு மிஞ்சும் இடம் குறைகிறது, நிலைமை மோசமாகிறது.

டீமன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரேடில் 3.0-இலிருந்து டீமன் இயல்பாகவே ஓடுகிறது. வேலை இல்லாமல் மூன்று மணி நேரம் கிடந்தால் தானே நின்றுவிடும். ஆனால் ஜாவா பதிப்போ ஜேவிஎம் கொடிகளோ மாறுபட்டால், இருக்கும் டீமன் பொருந்தாது என்று புதியது ஒன்று கிளம்பும். ஐடிஈ (நிரல் எழுதும் மென்பொருள்) ஒரு ஜாவாவையும் டெர்மினல் வேறொரு ஜாவாவையும் பயன்படுத்தினால், ஒரே புராஜெக்டுக்கு இரண்டு டீமன், இரண்டும் பல ஜிபி. கணினி மந்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், நான் முதலில் ஓடவிடச் சொல்வது ஸ்டேட்டஸ் கட்டளையைத்தான். ஓடும் டீமன்களின் பட்டியல் வரும். கிரேடில் 8.8-இலிருந்து டீமனுக்கு எந்த ஜாவா என்பதையே ரெப்போவுக்குள் ஒரு கோப்பில் எழுதிவைக்கலாம். எங்களிடம் இரட்டை டீமன் தொல்லை அதன் பிறகு குறைந்துவிட்டது.

கோப்பின் வடிவத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் பேச வேண்டும். புராப்பர்ட்டீஸ் கோப்பு ஜாவாவின் பழைய வடிவம். சம அடையாளத்துக்குப் பின் வரும் இடைவெளியை அது தள்ளிவிடும். வரியின் கடைசியில் இருக்கும் இடைவெளியை அப்படியே மதிப்போடு சேர்த்துக்கொள்ளும். நூலகங்களைப் பதிவிறக்கும் ரெப்போசிட்டரியின் கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு, உள்ளே விட மறுக்கும் 401 பிழையோடு அரைநாள் போராடியிருக்கிறோம். கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றிப் பார்த்தும் தீரவில்லை, ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியோடுதான் ஒட்டினோம். பின்சாய்வுக்கோடு வேறு ஒரு வலி: விண்டோஸ் பாதையை அப்படியே எழுதினால் அந்தக் கோடுகள் விழுங்கப்பட்டுவிடும். இரட்டிப்பாக எழுதுங்கள், அல்லது முன்சாய்வுக்கோடு போடுங்கள். எடிட்டரில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளைக் காட்டும் வசதியை இந்தக் கோப்புகளுக்காவது போட்டுவையுங்கள்.

ரகசியங்கள் விஷயத்தில் கிரேடிலின் ஏற்பாடு எனக்கு மனதாரப் பிடிக்கும். பில்ட் ஸ்கிரிப்டில் "இந்த ரெப்போசிட்டரிக்குக் கடவுச்சொல் வேண்டும்" என்று மட்டும் சொன்னால், ரெப்போசிட்டரியின் பெயரோடு யூசர்நேம், பாஸ்வேர்டு என்று முடியும் இரண்டு புராப்பர்ட்டிகளைத் தானே தேடும். டெவலப்பரிடம் அவை ஹோம் கோப்பிலிருந்து வரும், சிஐ சர்வரில் சூழல் மாறியிலிருந்து வரும். ஸ்கிரிப்டில் ஓர் எழுத்து கூட மாறாது. கிடைக்காவிட்டால், அந்த ரெப்போசிட்டரி தேவைப்படும் டாஸ்க் ஓடப்போகிறது என்றால் மட்டுமே, தொடக்கத்திலேயே நின்றுவிடும். முன்பு இதற்காக நாங்கள் எழுதியிருந்த நிபந்தனை வரிகள் அனைத்தையும் அழித்தோம்.

சரியான கிரேடிலைத் தானே பதிவிறக்கி ஓடவிடும் ராப்பரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. எந்தக் கிரேடில் பதிப்பு என்பது ரெப்போவிலேயே ஒரு சின்னக் கோப்பில் இருக்கிறது, குளோன் செய்தவர் எதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. பதிவிறக்கத்தைச் சரிபார்க்கும் ஷா-256 வரியையும் அதில் சேருங்கள். பதிப்பை உயர்த்தும்போது அந்த வரியையும் மாற்ற மறந்தால் பில்ட் நின்றுவிடும், அது நல்லதற்கே. பதிப்பு உயர்த்தும் ராப்பர் கட்டளையை இரண்டு முறை ஓடவிட வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. முதல் ஓட்டம் கோப்பில் எண்ணை மாற்றும். இரண்டாவதுதான் ராப்பரின் ஜாரையும் ஸ்கிரிப்டுகளையும் புதுப்பிக்கும்.

கான்ஃபிகரேஷன் கேஷ்தான் அதிக உழைப்பு கேட்டது. 8.1-இல் நிலைபெற்றது, 9-இல் அதுவே பரிந்துரைக்கப்படும் வழி. பில்ட் ஸ்கிரிப்டுகளைப் படித்து டாஸ்க் வரைபடம் போடும் கட்டத்தை அடுத்த முறை அப்படியே தாண்டிவிடுகிறது. எங்களைப் போல மாட்யூல் நிறைய இருந்தால், பலன் கையில் தெரியும். ஆனால் டாஸ்க் ஓடும் நேரத்தில் புராஜெக்ட் பொருளைத் தொடும் பழைய குறியீடு எல்லாவற்றையும் திருத்த வேண்டியிருந்தது. பிழைகளை எச்சரிக்கையாக மட்டும் காட்டும் அமைப்பில் தொடங்கி, அது தரும் ஹெச்டிஎம்எல் அறிக்கையைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. சிஐ ஒவ்வொரு முறையும் அனுப்பும் பில்ட் எண்ணை நாங்கள் ஸ்கிரிப்ட் படிக்கும்போதே வாசித்துக்கொண்டிருந்தோம். மதிப்பு மாறும்போதெல்லாம் கேஷும் செல்லாமல் போனது. புரொவைடர் வழியாக எடுத்து, தேவைப்படும் டாஸ்க் ஓடும்போது மட்டும் வாசிக்கும்படி மாற்றியபிறகு நிலைத்தது.

எனக்குத் தீராத குறை இரண்டு. ஒரு புராப்பர்ட்டியின் இறுதி மதிப்பைப் புராப்பர்ட்டீஸ் டாஸ்க் காட்டும். 7.5-இலிருந்து ஒரே ஒரு பெயரை மட்டும் கேட்கவும் முடியும். ஆனால் அந்த மதிப்பு எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று அது சொல்லாது. கிட்டில் அமைப்புகளைப் பட்டியலிடும்போது மூலக் கோப்பையும் காட்டச் சொல்லலாம். இங்கேயும் அது இருந்திருந்தால் என் இரண்டு நாள் இரண்டு நிமிடமாகியிருக்கும். இரண்டாவது, உள்ளே இணைத்த தனி பில்டுகளுக்கு வெளி பில்டின் புராஜெக்ட் கோப்பு போய்ச் சேராது. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு வைத்து, மதிப்புகள் பொருந்துகின்றனவா என்று நாமே பார்க்க வேண்டும்.

முதல் குறைக்கு நாங்களே ஒரு சின்ன டாஸ்க் எழுதிக்கொண்டோம். ஹோம் கோப்பைத் திறந்து, அனுமதித்த பெயர்களுக்கு வெளியே ஏதாவது இருந்தால் அந்தப் பெயரை மட்டும் அச்சிடும், மதிப்பை அச்சிடாது, ரகசியமாக இருக்கலாம் என்பதால். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே அதை ஓடவிடுகிறார்கள். போன மாதம் ஒருவருக்கு அது ஒரு பழைய பதிப்பு வரியைக் காட்டியது. எழுதிய நாள் அவருக்கு நினைவில்லை. அழித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.