மொட்டை மாடியில் ஒரு நீல டிரம்

குளிர்ந்த நீரில் இறங்கி உட்காருவதற்கென்றே மடக்கு டப்புகள் ஆன்லைனில் வருகின்றன. தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷினும் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடும். நான் பெங்களூரு பீன்யாவில் லேத் ஓட்டுகிறேன். நாள் முழுக்க நின்றே வேலை, ஷிஃப்ட் முடிந்தால் கெண்டைக்கால் கனக்கும், குளிர்ந்த நீரில் உட்கார்ந்தால் லேசாகும். எனக்குத் தேவைப்பட்டது கழுத்துவரை தண்ணீர் நிற்கும் ஒரு பாத்திரம், அவ்வளவுதான். சிட்டி மார்க்கெட் பக்கம் பழைய டிரம் விற்கும் கடையில் 200 லிட்டர் நீல டிரம் ஒன்றை 1,000 ரூபாய்க்கு எடுத்தேன். மர்ஃபி டவுனில் எங்கள் மாடியில் ஒரு பனிக்காலமும் ஒரு கோடையும் அதில் உட்கார்ந்து பார்த்தாயிற்று.

இந்த டிரம்மில் இரண்டு வகை உண்டு. தலையில் சின்னத் துவாரங்கள் மட்டும் உள்ளது ஒன்று. மூடி முழுசாகக் கழன்று, இரும்பு வளையம் போட்டு இறுக்குவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். "முன்னாடி இதுல என்னண்ணா இருந்துச்சு?" என்று கேட்டேன். "வெள்ளரிப் பிஞ்சுப்பா, மோந்து பாரு" என்று கடைக்காரர் மூடியைத் திறந்தார். குப்பென்று வினிகர் வாடை. கர்நாடகத்தில் ஏற்றுமதிக்கு விளைகிற கெர்கின் என்ற வெள்ளரிப் பிஞ்சுகளை உப்புநீரிலும் வினிகரிலும் போட்டு இந்த மாதிரி டிரம்களில்தான் அனுப்புகிறார்கள். ஆப்ப சோடா போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைத்தால் வாடை போய்விடும். லேபிளைச் சுரண்டி எடுத்த டிரம்மை மட்டும் தொடாதீர்கள், எந்தக் கெமிக்கல் இருந்ததோ.

200 லிட்டரையும் நிரப்ப வேண்டியதில்லை. ஆள் இறங்கினால் தண்ணீர் ஏறும். என் உடம்புக்கு 125 லிட்டர் ஊற்றினால் தோள்வரை வருகிறது.

அடுத்தது குளிர்ச்சி. மீன் தொட்டிக்கு விற்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிப் போட்டிருக்கிறேன். போர்வெல் தண்ணீரை நேராகப் பிடித்தால் டிசம்பரிலும் வெதுவெதுப்புதான், நிலத்தடியில் பனியும் வெயிலும் அவ்வளவாக எட்டாது. அதே தண்ணீரை முந்தின சாயங்காலமே நிரப்பி, மூடியை எடுத்துவிட்டு, வாயில் பழைய வேட்டியைக் கட்டி வைத்தால் விடிகாலையில் 18 டிகிரி காட்டும். ஐஸே வேண்டாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருப்பதில் எனக்குக் கிடைத்த லாபம் இது. மும்பையில் இருக்கும் என் சித்தி மகனுக்கு இந்த வசதி கிடையாது.

கோடையில் டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். காற்று வறண்டிருப்பதால் மண்பானை மாதிரி ஈரம் ஆவியாகிக் குளிர்ச்சி இறங்குகிறது, ஆனாலும் 22-க்குக் கீழே போகவில்லை. ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கே 80 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். எங்கள் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் ஒரு லிட்டர் பாட்டில் நாலுதான் படுக்கும். அந்த நாலும் சேர்ந்து 125 லிட்டரை 3 டிகிரி இறக்கும். 22-லிருந்து 15-க்குக் கொண்டுவர ஒவ்வொரு தடவையும் ஒன்பது, பத்துக் கிலோ ஐஸ் வேண்டும். கோடைக்கு இது சிக்கனமான வழி இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் விட்டுவிடலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இறங்கியதும் மூச்சு தானாக இழுத்துக்கொள்ளும், நெஞ்சு படபடக்கும். ஓரிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை தலையை முக்கவே கூடாது. பி.பி., இதயக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்க வேண்டாம். எழுந்து வருவதுதான் இந்த டிரம்மின் பெரிய குறை. உயரம் மூன்றடி, கால் மரத்திருக்கும், விளிம்பு வழுக்கும். வெளியே கனமான ஸ்டூல் ஒன்று போட்டிருக்கிறேன், பக்கத்தில் தம்பி இல்லாமல் இறங்குவதில்லை. வெளியே வந்த பிறகும் உடம்புச் சூடு கொஞ்ச நேரம் இறங்கிக்கொண்டே இருக்கும், அதனால் உடனே துவட்டி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மாடியிலேயே நடப்பேன்.

அப்புறம் தண்ணீர். 2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாட்டில் இந்த ஊர் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த சமயம் அது. தினமும் டிரம்மைக் காலி செய்ய மனசு வராது. சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்குவேன், ஐந்தாறு நாள் அதே தண்ணீர் ஓடும். அதற்கு மேல் வைக்கக் கூடாது, டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். பழைய தண்ணீர் வாளி வாளியாகக் கழிப்பறைக்குப் போகிறது.

டிரம் வாங்குமுன் வாளியில் பழகிப் பார்ப்பது நல்லது. 2016-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 3,018 பேர் கலந்துகொண்டார்கள். வெந்நீரில் குளித்துவிட்டுக் கடைசியில் 30, 60, 90 விநாடி குளிர்ந்த நீர் ஷவரில் நின்றவர்கள், அப்படி நிற்காதவர்களைவிட உடம்பு சரியில்லை என்று லீவு போட்டது 29 சதவீதம் குறைவு. நோய்ப்பட்ட நாட்கள் குறையவில்லை, 30 விநாடிக்கும் 90-க்கும் பெரிய வித்தியாசமும் இல்லை. அதாவது செலவே இல்லாமல் குளியலறையில் தொடங்கிவிடலாம். எனக்கு டிரம் பிடித்திருப்பதற்குக் காரணம் ஷிஃப்ட் முடிந்து கனக்கும் கெண்டைக்கால். வாளித் தண்ணீரில் அது இவ்வளவு லேசாவதில்லை.

உள்ளே அகலம் இரண்டடிக்கும் குறைவு, முட்டி நெஞ்சில் முட்டும். உயரமானவர்கள் கடையிலேயே ஒருமுறை உள்ளே இறங்கி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.