காலில் ஊதா வலை: கொழும்பில் எந்தச் சிகிச்சைக்குக் காசு கொடுக்கலாம்?

கெண்டைக்காலிலும் கணுக்காலைச் சுற்றியும் சிவப்பாக, ஊதாவாகப் படரும் மெல்லிய கோடுகளுக்கு ஸ்பைடர் வெயின் என்று பெயர். நம்மவர் வாயில் எல்லாமே ‘நரம்பு’தான். உண்மையில் இவை இரத்தத்தை மேலே திருப்பி அனுப்பும் நாளங்கள். தடிப்பு 1 மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் ஸ்பைடர். 1 முதல் 3 வரை, பச்சை கலந்த நீலத்தில் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடினால் ரெட்டிகுலர். அதற்கு மேல் புடைத்து நெளிந்தால் வெரிகோஸ். இந்தப் பிரிவு தெரியாமல் கவுண்டரில் போய் நின்றால், அவர்களிடம் எந்த மெஷின் இருக்கிறதோ அதுதான் உங்கள் சிகிச்சை.

கொழும்பில் இதற்கு ஊசி, லேசர், ஐபிஎல் எனும் பளிச்சிடும் ஒளிச் சிகிச்சை, இறுக்கக் காலுறை, கிறீம் என்று ஐந்து வகைச் சரக்கு விலைபோகிறது. கால் விடயத்தில் முதலிடம் ஊசிக்கு. லேசர் அதற்குத் துணை. ஐபிஎல்லை நம்மவர் தோல் நிறத்துக்கு வேண்டாம் என்றே சொல்வோம். கிறீம் தண்டச் செலவு: வைட்டமின் கே ஆனாலும் ஹெப்பரின் வகை ஆனாலும், மேலே பூசுவது உள்ளே விரிந்துபோன நாளத்தை மூடாது. உப்புப் போட்ட வெந்நீரில் கால் வைப்பதும் அப்படித்தான். சூடு பட்டால் நாளம் இன்னும் விரியும்.

‘மூன்று தரம் செய்தும் போகவில்லை’ என்பவர்களில் பலருக்குப் பிழை ஊசியிலோ லேசரிலோ இருப்பதில்லை. மேலே தெரியும் வலைக்குக் கீழேயிருந்து ஒரு ரெட்டிகுலர் நாளமோ, அதற்கும் மேலே வால்வு பழுதான பெரிய நாளமோ இரத்தத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் குழாயைத் திறந்து வைத்துவிட்டுத் தரையைத் துடைக்கிற வேலைதான் அது. கணுக்காலின் உட்பக்கம் விசிறி விரித்தாற்போல வலை இருந்தாலோ, பின்னேரத்தில் கால் வீங்கிக் கனத்தாலோ, மறைந்த இடத்திலேயே திரும்ப வந்தாலோ முதலில் டுப்ளெக்ஸ் ஸ்கேன், அதாவது நாளத்தில் இரத்தம் ஓடுவதை ஒலியலையால் பார்க்கும் ஸ்கேன், எடுக்க வேண்டும்.

எப்படி எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். இரத்தக்கட்டி இருக்கிறதா என்று படுக்க வைத்துப் பார்ப்பது வேறு ஸ்கேன். நமக்கு வேண்டியது ரிஃப்ளக்ஸ் ஸ்கேன், இரத்தம் கீழே திரும்புகிறதா என்று பார்ப்பது. நிற்க வைத்து, உடற்பாரத்தை மற்றக் காலில் கொடுக்கச் சொல்லி, கெண்டைக்காலை அமுக்கி விட்டுப் பார்ப்பார்கள். மேலோட்ட நாளத்தில் இரத்தம் 0.5 செக்கனுக்கு மேல் கீழ்நோக்கித் திரும்பினால் வால்வு பழுது. ஸ்கேனுக்கு வைத்தியர் தரும் கடிதத்தில் ‘ரிஃப்ளக்ஸ்’ என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே போங்கள். பழுது தெரிந்தால், அந்தப் பெரிய நாளத்தை உள்ளிருந்து லேசர் இழையாலோ ரேடியோ அலையாலோ சுட்டு அடைப்பது முதல் வேலை. விறைப்பூசி மட்டும் போட்டுச் செய்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். வலையைத் தொடுவது அதற்குப் பிறகு.

இனி ஊசி. ஸ்கிளரோதெரபி என்பது நாளத்தின் உட்சுவரைப் புண்ணாக்கி, ஒட்டி மூட வைக்கிற வேலை. மருந்து பெரும்பாலும் பொலிடொகனோல் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்பேட். 1 மில்லிமீற்றருக்கு உட்பட்ட வலைக்குப் பொலிடொகனோல் 0.5 சதவீதம் போதும், இன்னும் மெல்லியதென்றால் 0.25. ரெட்டிகுலருக்கு 1 சதவீதம். நாளுக்கான உச்ச அளவு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம். 0.5 சதவீத மருந்தில் 2 மில்லிலீற்றர் அம்பியூல் (சிறு மருந்துக் குப்பி) ஒன்றில் இருப்பது 10 மில்லிகிராம்தான், ஆகவே அளவு தாண்டுவது அபூர்வம். பிழை பொதுவாகச் செறிவில் வரும். 1 சதவீதத்தை மெல்லிய வலையில் செலுத்தினால் பழுப்புத் தழும்பும், பக்கத்தில் புதிதாகச் செந்நிறப் பஞ்சுபோலப் படரும் ‘மேட்டிங்’கும் வரக்கூடும். பழைய முறையான செறிந்த உப்புக் கரைசல் எரியும், தசை பிடிக்கும், வெளியே கசிந்தால் புண்ணாகும். அதைத் தருகிறோம் என்றால் வேறு இடம் பாருங்கள்.

நல்ல கை எது என்று மேசையில் படுத்தபடியே கண்டுபிடிக்கலாம். மிக மெல்லிய 30 கேஜ் ஊசி, முனை சற்று வளைத்து, தோலோடு ஏறக்குறையச் சமாந்தரமாக. முதலில் ஊட்டும் தடித்த நாளம், பிறகுதான் மெல்லிய வலை. ஒரு குத்துக்கு 0.1 முதல் 0.3 மில்லிலீற்றர், மெதுவாக. மருந்து சரியாக நாளத்துக்குள் போனால் ஊதாக் கோடு கண்முன்னே அழிந்து, சில நொடியில் மறுபடி மெல்லச் சிவக்கும். கொசு கடித்தாற்போல வெண்ணிறக் குமிழி எழும்பினால் மருந்து வெளியே போகிறது, உடனே நிறுத்த வேண்டும். கோட்டோடு நில்லாமல் சுற்றுத்தோலும் பீங்கான்போல வெளுத்தால் மருந்து சிறு தமனிக்குள் போயிருக்கலாம். அங்கே தொடர்ந்து தள்ளினால் ஆற மாதக்கணக்கு எடுக்கும் புண். வேகமாகக் குத்திக்கொண்டு போகிறவரைவிட இடையில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறவரே தேவை.

நுரை ஊசியை எல்லாருக்கும் பரிந்துரைக்கிற பழக்கமும் இருக்கிறது. ஒரு பங்கு மருந்து, நான்கு பங்கு காற்று, இரண்டு சிரிஞ்ச், நடுவே மூவழித் திறப்பு, இருபது தரம் இங்கும் அங்கும் தள்ளினால் நுரை. ரெட்டிகுலருக்கும் அதற்குத் தடித்ததற்கும் நல்லது. மெல்லிய வலைக்குத் திரவமே போதும். ஒற்றைத் தலைவலி இருப்பவர் நுரைக்கு முன் அதைச் சொல்லிவிட வேண்டும், சற்று நேரம் கண் மங்கலாம்.

எழுந்ததும் 15, 20 நிமிடம் நடை. ஆகவே ஓட்டோவை வாசலிலேயே நிறுத்தி வைக்காதீர்கள். காலுறை ஸ்பைடருக்கு இரண்டு மூன்று நாள், ரெட்டிகுலருக்கு ஐந்து முதல் ஏழு நாள். இரண்டு முதல் நான்கு கிழமையில் கறுத்த, தொட்டால் நோகும் வரி தெரிந்தால் அது தேங்கிய இரத்தம். கிளினிக்கில் ஊசி முனையால் திறந்து அமுக்கி எடுத்தால் தழும்பு குறையும். சும்மா விட்டால் அந்த இரத்தத்திலுள்ள இரும்புச்சத்தே பழுப்பாய்ப் படியும். பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் மங்கும். அதுவரை வெயிலும் சுடுநீரும் ஆகாது. அடுத்த அமர்வு நான்கு முதல் ஆறு கிழமை கழித்து. ஆவணியில் கலியாணம் என்றால் மாசியிலேயே தொடங்குங்கள்.

லேசர் கேட்டால் அலைநீளத்தைக் கேளுங்கள். 1064 நனோமீற்றர் என்டி யாக் லேசர் என்றால் மேலே பேசலாம், அது தோலுக்கு நிறம் தரும் மெலனினில் குறைவாகவே சிக்கி ஆழம் போகும். 532 நனோமீற்றர் கேடிபி லேசரும் ஐபிஎல்லும் மாநிறத் தோலில் நாளத்துக்கு முன் தோலையே சுடும். முடி அகற்றுகிற அதே ஐபிஎல் மெஷினைக் காலுக்கும் திருப்புகிற சலூன்களில் சதுரச் சதுரமாய் வெள்ளையும் கறுப்புமாகத் தழும்பு வாங்கி வருவது இப்படித்தான். 1064 ஆனாலும் குளிரூட்டும் முனை வேண்டும், முதலில் ஒரு மூலையில் சோதனைச் சூடு வேண்டும், ஒரே இடத்தில் அடுக்கிச் சுடக்கூடாது. ஊசி நுழைய முடியாத மயிரிழை நாளத்துக்கும், ஊசிக்குப் பின் மிஞ்சிய மேட்டிங்குக்கும் இது பொருத்தம். ஊட்டும் நாளம் மூடாத காலில் லேசர் அமர்வு வாங்குவது வீண்.

காலுறை இருக்கிற வலையை அழிக்காது. கனத்தையும் வீக்கத்தையும் குறைக்கும். ஜேர்மன் அளவில் முதலாம் வகுப்பு 18 முதல் 21, இரண்டாம் வகுப்பு 23 முதல் 32 மில்லிமீற்றர் மேர்க்கரி அழுத்தம். புடவைக் கடையில் நாள்முழுக்க நிற்பவருக்கும் வகுப்பில் நிற்கும் ஆசிரியைக்கும் முதலாம் வகுப்பு போதும். விற்பவர் சப்பாத்து அளவைக் கேட்டால் திரும்பிவிடுங்கள். காலையில், வீக்கம் ஏறுமுன், கணுக்காலின் ஒடுங்கிய இடத்தையும் கெண்டையின் பருத்த இடத்தையும் டேப்பால் அளந்து கொடுக்க வேண்டும். கொழும்புப் புழுக்கத்துக்கு முழங்கால் வரை, விரல் திறந்த வகை நல்லது, செருப்போடும் போடலாம். மேல்விளிம்பை மடித்து விடாதீர்கள், அந்த மடிப்பே நாளத்தை இறுக்கும். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும். பாதத்தில் நாடி மெலிந்தவர், நீரிழிவால் கால் மரத்தவர் வைத்தியரைக் கேட்காமல் போடவே கூடாது.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். புண், இரத்தக் கசிவு, வீக்கம் என்றால் கடிதத்தோடு தேசிய வைத்தியசாலைக்குப் போவதே சரி. அழகுக்காக மட்டும் என்றால் தனியாரில் நாளச் சத்திரசிகிச்சை நிபுணரையோ தோல் நிபுணரையோ சனல் பண்ணுங்கள். ஊசி போடுகிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்தவரா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த ஊசி கிடையாது, பிள்ளை பிறந்து சில மாதத்தில் பாதி தானே மறைவதும் உண்டு. முன்பு காலில் இரத்தக்கட்டி வந்திருந்தால், கருத்தடை மாத்திரை எடுத்தால், மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பின் ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி நொந்தாலோ, மூச்சு முட்டினாலோ கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

விலை கேட்கும்போது அமர்வுக்கா, அம்பியூலுக்கா, ஒரு காலுக்கா என்று பிரித்துக் கேளுங்கள். காலுறையும் மறுபார்வையும் அதற்குள் அடங்குமா என்பதையும் எழுதி வாங்குங்கள். பத்து அமர்வுக்கு முற்பணம் கேட்கிற ‘பேக்கேஜ்’ எதற்கும் கையெழுத்து வைக்காதீர்கள். வழமையான வலைக்கு இரண்டு மூன்று அமர்வில் பெரும் வித்தியாசம் தெரியவேண்டும். தெரியாவிட்டால் நான்காவதுக்குப் பணம் கட்டுமுன் ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.